ரூபாய்க்கு ரூபாய்

1

"அப்பா, ஒங்க ரூவா விழுந்துருச்சாம்."

தலவாக்கலையிலிருந்து வந்ததும் வராததுமாக, நனைந்த குடையை மூலையில் சாத்திக்கொண்டே என் மகன் சந்திரன் இதைச் சொன்னான். நான் பதறிப்போய்ச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பையில உள்ளது இல்லப்பா. ஒங்க நாட்டு ரூவா. இந்தியா ரூவா."

அவன் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். அவன் இலங்கை மலைநாட்டில், இந்த வட்டகொடையில் பிறந்தவன். தலவாக்கலை பஜாரில் சிங்களத்தில் சண்டை பிடித்து, சிங்களத்திலேயே சமாதானமும் ஆகிறவன். நான்தான் முசிறிக்காரன். அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆறு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் வந்து இறங்கினேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போனது இரண்டே தடவை. இந்திய ரூபாயைக் கடைசியாகக் கையில் தொட்டது நாற்பத்தெட்டில், அம்மா தவறிப் போனபோது. அந்த ரூபாய் விழுந்தால் எனக்கு எங்கே வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் வலித்தது.

செய்தி இதுதான். இந்திய சர்க்கார் தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டது. நேற்றுவரை இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சரிக்குச் சரி. இன்று இங்கத்திய நூறு ரூபாய்க்கு அங்கே நூற்றைம்பத்தேழு ரூபாயும் சில்லறையும்.

நம் திருச்சி ஜில்லாப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் எழுதக் கேட்டிருந்தது தேயிலையையும் பனியையும் பற்றி. வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். அவர் மன்னிக்க வேண்டும். பனி அடுத்த வருஷமும் இருக்கும். இதை இப்போது சொல்லாவிட்டால், கேட்க வேண்டியவர் பிறகு இல்லாமல் போகலாம்.

2

அப்பா காலத்தில் இரண்டு நாணயம் என்ற பேச்சே அவ்வளவாக இல்லை. மன்னர் தலை போட்ட இந்திய வெள்ளி ரூபாய் இங்கேயும் செல்லும். அவர் மடியில் முடிந்துகொண்டு வந்த ரூபாயை அப்படியே அட்டன் கடையில் கொடுத்து கம்பளி வாங்கினார். அங்கே அணா, இங்கே சதம் என்பதுதான் வித்தியாசம்.

பிறகு இரண்டு நாடும் தனித்தனியாகச் சுதந்திரம் வாங்கி, தனித்தனியாக நோட்டு அடித்தன. ஆனாலும் விலை மட்டும் மாறவில்லை. நாற்பத்தொன்பதில் இங்கிலாந்துப் பவுன் விழுந்தபோது, ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி இரண்டும் சேர்ந்தே படுத்தன. அங்கே அணாக்கணக்கு போய் நயா பைசா வந்தது. அப்போதும் ரூபாய்க்கு ரூபாய்தான். எங்கள் தோட்டத்தில் எழுத்துத் தெரியாத கிழவர்கள்கூட இதைச் சொல்வார்கள். ஊரில் உங்களுக்கும் தெரிந்திருந்தது. முசிறித் தபால்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

3

நான் இந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். விடிகிற நேரத்தில் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்ப வேண்டும். பிறகு நாளெல்லாம் அவர்கள் பின்னால் ஏறி இறங்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசடியில் நிற்க வேண்டும். துரையிடம் திட்டு வாங்குவதும் நான்தான், அதை ஆட்களுக்குப் பங்கு வைப்பதும் நான்தான்.

என் தங்கை செல்லம்மா நாட்டிலேயே வளர்ந்தவள். அம்மாவோடு முசிறியில் இருந்து, அங்கேயே ராமலிங்கம் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை நெல் மில்லில் கணக்கு எழுதுகிறவர். அமைதியான மனிதர். பீடிகூடக் கிடையாது. செல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். என் பதிலை அவரே அவளுக்கு வாசித்துக் காட்டுவார். என் தங்கையின் குரல் எனக்கு அவர் கையெழுத்திலேதான் பழக்கம்.

நாட்டில் நயா பைசா வந்த சமயம், அவர்கள் மகள் சரோஜா பெரியவளானாள். கடிதம் வந்தது.

"அண்ணே, சடங்கு வச்சிருக்கோம். நீ வர முடியாதுன்னு தெரியும். ஆனா தாய்மாமன் சீரு சபையில மொத ஆளா வாசிக்கணும். எவ்வளவுன்னு முன்கூட்டியே எழுதிப்புடு. இவுக பங்காளிங்க கேக்குறாக."

ஏன் முன்கூட்டி என்று நம் பக்கத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பங்காளிகள் எவ்வளவு வசதியாக இருந்தாலும் தாய்மாமன் மொய்க்கு ஒரு படி கீழேதான் எழுதுவார்கள். மாமன் நூற்றொன்று என்றால் பெரியப்பா எழுபத்தைந்தில் நிற்பார். மாமன் தொகை தெரியாமல் மற்றவர்கள் கையை மடியில் விடமாட்டார்கள்.

நான் அன்றைக்கே பதில் போட்டேன்: நூற்றொன்று அனுப்புகிறேன்.

கையில் சேர்த்து வைத்திருந்ததும் மீனாட்சியின் தோட்டை அடகு வைத்ததும் சேர்த்துச் சரியாக அவ்வளவுதான் இருந்தது. மீனாட்சி என் மனைவி. தோட்டைக் கழற்றும்போது, "எனக்குக் காது மூடிக்கிறதுக்குள்ள மீட்டுக் குடுத்துருங்க" என்றாள். ரூபாய்க்கு ரூபாய் என்ற தைரியத்தில்தான் நான் அந்தப் பதிலைத் தபாலில் போட்டேன்.

4

தலவாக்கலைத் தபால் கந்தோரில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். நல்ல மனிதர். நம் ஆட்கள் கைநாட்டு வைக்கத் தடுமாறினால் விரலைப் பிடித்து வைத்துவிடுவார். நான் பணத்தை நீட்டி இந்தியாவுக்கு மணியார்டர் என்றேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"கணக்கப்பிள்ளே பிரஜாவுரிமைக்கு மனு போட்டதுதானே?"

போட்டிருந்தேன். ஐம்பத்தொன்றிலேயே போட்டாயிற்று. நானும் மீனாட்சியும் பிள்ளையும் இந்த நாட்டுப் பிரஜைகளாக வேண்டும் என்று மனு. அது நுவரெலியாவில் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இது வேணாம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சல்லி அனுப்பப் பெர்மிட் கேக்கணும். பெர்மிட் கேட்டா, அங்க குடும்பம் இருக்கு, அங்கதான் போறதுன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் மனுவ தூக்கிப் போடுவாங்க."

அவர் தலைக்கு மேலே பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் என்ன விலை என்று எழுதியிருந்தது. இந்தியாவுக்கு நேரே ஒன்றுக்கு ஒன்று.

"அப்ப அந்த ரேட்டு என்னத்துக்குங்க மாத்தயா எழுதி வச்சிருக்கு?"

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். அதுவரை அவரும் யோசித்ததில்லை போலிருந்தது.

"அனுப்ப ஏலுமானவங்களுக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? ஒரு பக்கம் தங்கை மகளுடைய சபை. இன்னொரு பக்கம் என் மகன் இந்த மண்ணில் தலைநிமிர்ந்து நிற்பதா, யாரோ துரத்தினால் ஓடுவதா என்ற கேள்வி. பணத்தைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

5

பஜாரில் ஹமீது நானாவின் துணிக்கடை. நானா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். தோட்டத்துச் சனங்களுக்குத் தீபாவளிக்குக் கடனாகச் சேலை கொடுத்து, சம்பளத்துக்குச் சம்பளம் பொறுமையாக வாங்குகிறவர். அவர் வழியாக ஊருக்குப் பணம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இங்கே அவரிடம் கொடுத்தால் அங்கே திருச்சியில் அவருடைய ஆள் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். தாள் இல்லை, ரசீது இல்லை.

நான் கேட்டதும் நானா சேலை மடிப்பதை நிறுத்தவில்லை.

"நூத்துக்கு எழுவது" என்றார்.

"என்ன நானா இது! போஸ்டாபீஸ்ல ரூவாய்க்கு ரூவான்னு எழுதித் தொங்குது!"

"தொங்கட்டுமே. அங்க ரேட்டு இருக்கு, சல்லி போகாது. நம்மகிட்ட சல்லி போகும், ரேட்டுதான் இல்ல." பிறகு மனம் இரங்கி உட்காரச் சொன்னார். "நான் வக்கிற வெல இல்ல கணக்கப்பிள்ள. இங்கேருந்து அங்க அனுப்பணும்னு தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் நிக்குது. அங்கேருந்து இங்க அனுப்பறவன் யாரு இருக்கான்? எல்லாரும் ஒரே பக்கம் ஏறினா தராசு எப்படி நிக்கும்?"

வேறு வழி தேடினேன். சம்பளம் வர இன்னும் நாள் இருந்தது. கடன் கேட்கக்கூடிய இடமெல்லாம் ஏற்கெனவே கேட்டாயிற்று. சடங்கு நாள் நெருங்கிவிட்டது. நூற்றொரு ரூபாயை அவரிடமே கொடுத்தேன். அவர் மனக்கணக்குப் போட்டார்.

"எழுவது ரூவாயும் எழுவது காசும் வருது. சீருக்கு ஒத்தப்படையா இருக்கணுமே. முப்பது காச நான் போட்டுக்கிறேன், எழுவத்தி ஒண்ணாக் குடுக்கச் சொல்றேன். புள்ள நல்லா இருக்கட்டும்."

எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுத்துல ஒண்ணும் போட்டுறாதீங்க. கடுதாசிய ஒடைச்சுப் பாக்குறான்னு பேச்சு அடிபடுது. நான் அஞ்சு பொட்டப்புள்ளக்காரன்."

மறுநாள் தராசடியில் எனக்குக் கவனம் இல்லை. மலையில் ஆய்ந்த கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில றாத்தலைக் கழித்துத்தான் பேர் போடுவோம். தோட்டத்து வழக்கம் அது, நான் கொண்டுவந்ததில்லை. வீராயி என்று ஒரு கொழுந்துக்காரி உண்டு. வாய்த் துடுக்கானவள்.

"ஐயா, மழையில ஈரத்துக்குக் கழிக்கிறீங்க, சரி. போன மாசம் வெயில் கொளுத்துச்சு, அப்பவும் ஈரத்துக்குக் கழிச்சீங்க. அந்த ஈரம் எங்கேருந்துங்க வந்துச்சு?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேறு நாளாயிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவள் கேட்டது சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து, நானா சொன்னதையும் மீறித் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

"இங்கே கொழுந்து நிறுக்கும்போது கழிப்பதுபோலப் பணத்துக்கும் ஒரு கழிவு உண்டு. நான் கொடுத்தது நூற்றொன்று. உங்கள் கைக்கு எழுபத்தொன்றுதான் வரும். சபையில் அதையே சொல்லிவிடுங்கள். படித்ததும் இதைக் கிழித்துப் போடவும்."

கடைசி வரியை நானாவின் ஐந்து பெண் பிள்ளைகளுக்காகச் சேர்த்தேன்.

6

சடங்கில் நடந்ததை எனக்குச் சொன்னவர் சின்னையா. எங்கள் ஃபாக்டரியில் வேலை செய்கிறவர், அவரும் முசிறிக்காரர். அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடாமல் கேட்டதும் சொன்னார்.

என் கடிதம் சடங்குக்கு முன்னால் போய்ச் சேரவில்லை. பணம் சேர்ந்தது. திருச்சியிலிருந்து வந்த ஆள் மாப்பிள்ளை கையில் எழுபத்தொன்றைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மாப்பிள்ளை எண்ணிப் பார்த்துத் திகைத்திருக்கிறார். வந்ததை வந்தபடியே தட்டில் வைத்தார்.

"மைக்கெல்லாம் கிடையாது, மொய் வாசிக்கிறவன் வாயாலதான் கத்துனான்" என்றார் சின்னையா. "தாய்மாமன், சிலோன் வட்டகொடை ஆறுமுகம், ரூவா எழுவத்தி ஒண்ணுன்னான். அடுத்து பெரியப்பா எழுவத்தஞ்சு. அவரு முன்னாடியே எழுதிட்டாரு, மாமன் நூத்தி ஒண்ணுன்னு நம்பி. மாத்த முடியல. மாமனுக்கு மேல பங்காளி எழுதினதா ஆயிருச்சு."

செல்லம்மா எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் நூற்றொன்று என்று கடிதத்தில் வந்ததே. வாசித்துக் காட்டியவரே இவர்தானே! தபால்காரரும் பந்தலில் இருந்தார். அவரைக் கேட்டார்கள். அவர் தெரிந்ததைச் சொன்னார்: சிலோன் ரூபாயும் நம்ம ரூபாயும் ஒன்றுக்கொன்று, பைசா குறையாது.

பிறகு யார் என்ன நினைப்பார்கள்? அனுப்பியவன் கடல் தாண்டி இருக்கிறான். வாங்கியவர் அங்கே நிற்கிறார். நடுவில் முப்பது ரூபாய் காணோம். மில் முதலாளியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாலைந்து நாள் கழித்து என் கடிதம் வந்தது. மாப்பிள்ளை ஓடிவந்து அதை வாசித்துக் காட்டினார். செல்லம்மா கேட்டுவிட்டு, "எங்கண்ணன் இப்படி எழுதாது. ஈரமாம், கழிவாம்! நீங்களா படிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று சின்னையாவிடம் கேட்டேன்.

"எப்படிங்க காட்டுவாரு? கிழிச்சுப் போடச் சொல்லி நீங்கதான எழுதியிருந்தீங்க. சொன்ன பேச்சுக் கேக்குற மனுசன். படிச்சு முடிச்ச கையோட அடுப்புல போட்டுட்டாரு. சாம்பலத்தான் காட்டணும்."

7

அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொன்றும் அவரை இன்னும் கொஞ்சம் அமுக்கியது.

மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று எழுதினேன். என்ன ஆயிற்று என்று ஊருக்குப் போய் வந்தவர்கள்தான் பிறகு சொன்னார்கள். மாப்பிள்ளை இனி உங்கண்ணன் கடிதத்தை நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தபால்காரர் வாசித்திருக்கிறார். செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, எங்கண்ணன் காட்டிக் குடுக்கல" என்றாளாம். விவரமாக எழுத முடியவில்லை. அவரல்லாத யார் கையில் அது கிடைத்தாலும் ஹமீது நானா மாட்டிக்கொள்வார். என் மனுவும் போகும். முப்பது ரூபாயை மறுபடி அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் புருஷன் எடுத்ததை அண்ணன் ஈடுகட்டுகிறார் என்றுதான் ஆகும். அதுவும் அங்கே போய்ச் சேரும்போது இருபத்தொன்றாக நிற்கும்.

மில்லில் அவரைக் கணக்குப் பெட்டியிலிருந்து மாற்றி மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போட்டார்கள். திருடன் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

செல்லம்மாவிடமிருந்து கடிதம் வருவது நின்றது. யார் எழுதுவார்கள்? அவள் சொல்லச் சொல்ல எழுதிய கை அது ஒன்றுதான். தபால் வந்தது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது கையெழுத்தைத்தான்.

8

மனு விசாரணைக்கு வந்தபோது நுவரெலியாவுக்குப் போனேன். கோட் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள் மீனாட்சி. அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: இந்தியாவுக்குச் சல்லி அனுப்புகிறதா?

"நே, மாத்தயா" என்றேன். இல்லை ஐயா என்று அர்த்தம். மணியார்டர் ஒன்றுகூடப் போகவில்லை என்பது நிஜம்தானே.

அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தங்கை என்றேன். தங்கையிடமிருந்து கடிதம் வருமா? வராது. ஏன்?

அவளுக்கு எழுத்துத் தெரியாது என்றேன். அதுவும் நிஜம்தானே. அவர் அடுத்த தாளுக்குப் போனார். கடைசியில் மனு தள்ளுபடியானது. அம்மா இறந்த சமயம் ஊரில் போய் நான் தங்கியிருந்த மாதங்களைக் காரணம் காட்டினார்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று மாப்பிள்ளையை நான் பலி கொடுத்தேனோ அதுவும் நிலைக்கவில்லை. வரும் வழியில் ரயிலில் யாருக்கும் தெரியாமல் அழுதேன். கோட் போட்ட ஆள் அழுவதை எதிர்ச் சீட்டுக் குழந்தை வேடிக்கை பார்த்தது.

பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டதைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். நான் இந்தியாப் பக்கம். மீனாட்சியும் அப்படித்தான். சந்திரன், "நான் எங்கப்பா வாறது, அங்க எனக்கு யாரத் தெரியும்?" என்கிறான். அதட்டிப் பார்த்தேன். நானே ஆறு வயதில் விட்ட ஊர். எதைச் சொல்லி அவனை இழுக்க?

9

இப்போது இந்த ரூபாய் விழுந்திருக்கிறது.

சந்திரன் செய்தி சொன்ன மறுநாள் பஜாருக்குப் போனேன். ஹமீது நானா போன நோன்புக்கு முன்னாலேயே காலமாகிவிட்டார். பெண் பிள்ளைகளை எல்லாம் கரையேற்றிவிட்டார். கடையை வேறு யாரோ எடுத்து, இப்போது ரேடியோ விற்கிறார்கள். இனி அவரை எந்தச் சட்டமும் தொட முடியாது. என்னை என்ன செய்வார்கள்? நாட்டை விட்டு அனுப்புவார்களா? அதற்குத்தான் ஏற்கெனவே பேர் போட்டாயிற்றே.

தபால் கந்தோருக்கும் போனேன். பழைய பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். பலகையில் இந்தியாவுக்கு நேரே அந்த ஒன்றுக்கு ஒன்றை அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கப்பலேறும்போது என் சேமநிதிப் பணம் இந்தக் கணக்கில்தான் மாறுமாம். நூறு கொண்டுவந்தால் நூற்றைம்பத்தேழு! தோட்டத்தில் சிலர் இதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பலகை ஒன்றுக்கு ஒன்று இல்லை என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால், முசிறியில் ஒரு மனிதர் சாவிக் கொத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

போன தையில் சின்னையா மறுபடி ஊருக்குப் போய் வந்தார். சரோஜாவுக்குக் கல்யாணம். நம் ராமலிங்கம் மாப்பிள்ளை மகளைத் தாரை வார்க்கிற நேரத்துக்கு மட்டும் பந்தலுக்குள் வந்தாராம். மொய் வாசிக்கத் தொடங்கியதும் வெளியே போய் வண்டி மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாராம். சின்னையா எழுதிய மொய்யை, "சிலோன் சின்னையா" என்று கூவியதும் யாரோ ஒருவன், "சிலோனா? முப்பதக் கழிச்சு வாசிப்பா" என்றானாம். ஊரே சிரித்ததாம். இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் இந்தக் கேலி உண்டாம். அதைத் தொடங்கியது யார் என்றுகூட யாருக்கும் நினைவில்லை. மாப்பிள்ளை எந்தப் பந்தலுக்கும் போவதில்லை.

நான் ஊர் வந்து சேர இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. எங்கள் முறை வர வருஷங்கள் ஆகலாம் என்கிறார்கள். அவருக்கும் வயதாகிறது, இருமல் வேறு என்று கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முசிறியில் இதை வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நெல் மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் செல்லம்மா வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். பத்திரிகையை மாப்பிள்ளை கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். அவர் வாசித்தால் அவள் நம்பமாட்டாள். நீங்களே வாசியுங்கள். மொய் வாசிக்கிற மாதிரி உரக்க, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள். தாய்மாமன், வட்டகொடை ஆறுமுகம், கொடுத்தது நூற்றொன்று, வந்து சேர்ந்தது எழுபத்தொன்று, ராமலிங்கம் ஒரு பைசா தொடவில்லை.

வாசிக்கத் தொடங்கும் முன்னால் ஒரு தடவை வாசலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை அங்கேதான் எங்காவது ஒதுங்கி நின்றுகொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.